இரண்டு நாள் எம்சி

2011-ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் வேலையிடத்தில் விழுந்ததில் வலது கை எலும்பு முறிந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அதைச் செய்த மருத்துவர் எழுதிக் கொடுத்த ஓய்வு இரண்டே நாள். அதற்குப் பிறகு ‘லைட் டியூட்டி’ பார்க்கலாம் என்று சான்று.

வலது கை முறிந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூட இன்னொருவர் உதவி வேண்டும். கம்பியும் சிமென்டும் தூக்குகிற இடத்தில் மூன்றாம் நாளே அவர் பார்க்கக்கூடிய இலேசான வேலை எது? அப்படி ஒரு வேலை அங்கே இருக்கிறதா என்று அவரிடமே யாராவது கேட்டார்களா? ‘ஹோம்’ என்ற தொண்டு அமைப்பு இந்தக் கேள்வியோடு சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திடம் புகார் கொடுத்தது. விசாரணைக் குழு மருத்துவர்மேல் தவறில்லை என்றது. மன்றம் மேல்முறையீடு செய்தது. 2016-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு விசாரணைக் குழுவின் முடிவை ரத்து செய்து, மருத்துவர் ஆறு மாதம் தொழில் செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

இரண்டு நாளா, இருபது நாளா என்பதில் ஓய்வு மட்டும் அடங்கியிருக்கவில்லை. அன்றைய சட்டப்படி, காயம்பட்டவருக்கு மூன்று நாளுக்கு மேல் மருத்துவ விடுப்பு கொடுத்தாலோ, அவர் 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கினாலோதான் விபத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கும் கடமை முதலாளிக்கு வந்தது. மூன்று நாளோ அதற்குக் குறைவோ என்றால் அரசாங்கத்தின் கணக்கில் அந்த விபத்து ஏறாமலே போகலாம். ‘எம்சி’ என்று தொழிலாளர்கள் சொல்லும் அந்த மருத்துவச் சான்றில் எழுதப்படும் ஓர் எண்ணுக்கு அவ்வளவு கனம்.

2020 செப்டம்பர் 1 முதல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. வேலையில் பட்ட காயத்துக்கு ஒரே ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டியூட்டி என்று எழுதினாலும், முதலாளி பத்து நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். லைட் டியூட்டி காலத்திலும் காயத்துக்கு முன் வாங்கிய சராசரிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். நல்ல திருத்தம். ஆனால் அந்தச் சீட்டுக்காக மருத்துவரிடம் போகவே தயங்குகிற மனிதரின் பயத்தை ஒரு திருத்தம் போக்கிவிடாது.

அந்தப் பயம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை, அரியலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘ஸ்கில் டெஸ்ட்’ பயிற்சிக்குப் பணம், ஏஜென்டுக்குப் பணம், விமானச் சீட்டுக்குப் பணம். நகை அடகுக்குப் போகிறது, நிலம் ஒத்திக்குப் போகிறது, மீதி வட்டிக்கு வருகிறது. ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளம். அதற்குமேல் தொழிலாளியிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ஊரில் துணை ஏஜென்ட் கைநீட்டி வாங்கும் பணம் அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. ஆகவே விமானம் ஏறும்போதே பலர் பல மாதச் சம்பளத்தைக் கடனாகச் சுமந்துகொண்டுதான் ஏறுகிறார்கள். அந்தக் கடன் அடைவதற்குள் கை முறிந்தால், முறிந்த கையைவிட முதலில் நினைவுக்கு வருவது வட்டிதான்.

சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை ஆகிய துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் நான்கு இலட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அந்தச் சீட்டு ஒரு குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் அதை ரத்து செய்தால் வேலையும் போகும், நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். “மாப்ள, கேஸ் போடாத. போஸ் ஊருக்கு ஏத்தி விட்ருவான்” என்று அறைத் தோழன் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் இருப்பது இதுதான். அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரைதான் அது. ஆனால் பாதி தவறான அறிவுரை. எந்தப் பாதி தவறு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், ஆபத்து எந்த உருவத்தில் வருகிறது என்பதற்கு 2021 பிப்ரவரி 24-ஐச் சொல்லலாம். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. தீத்தடுப்புக்குச் சுற்றும் ஒருவகைக் களிமண்ணை அங்கே பிசைந்து தயாரித்தார்கள். உருளைக்கிழங்கு மாவும் அதில் சேரும் பொருள்களில் ஒன்று. கலவை இயந்திரத்தைச் சுற்றியிருந்த உறைக்குள் எண்ணெயைச் சூடாக்கினார்கள். உறைக்குள் அழுத்தம் ஏறி வெடித்தது. வெடிப்பில் கிளம்பிய மாவுத் தூசு அடுத்தடுத்துத் தீப்பிழம்பாகப் பற்றியது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் இந்தியர், இருவர் வங்கதேசத்தவர். மற்றவர்களில் சிலர் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார்கள்.

பிறகு நடந்த பொது விசாரணையில் வெளிவந்த விவரம்தான் மனத்தை அறுப்பது. அந்த இயந்திரத்தில் எண்ணெய்க் கசிவும் புகையும் முந்தைய நாள்களிலேயே தெரிந்திருக்கின்றன. வெடிப்பதற்குச் சில நாள் முன் சிறிய தீயும் பற்றியிருக்கிறது. இயந்திரத்தோடு நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அது ‘சரியில்லை’ என்று முதலில் தெரியும். சரியில்லாத இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இருப்பதில்லை. காலையில் ‘டூல் பாக்ஸ் மீட்டிங்’ நடக்கும், ஹெல்மெட், ஷூ, பெல்ட் என்று வரிசையாகச் சொல்லுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கி “இந்த மெஷினில் நான் நிற்க மாட்டேன்” என்று சொல்ல, கடன் இல்லாதவராக இருக்க வேண்டும்.

வேலையிடத்துக்குப் போகும் வழியும் வேலையின் பகுதிதான். சிங்கப்பூரில் தொழிலாளர்களை லாரியின் பின்தட்டில் உட்காரவைத்து ஏற்றிச்செல்வது இன்றும் நடக்கிறது. கம்பித் தடுப்பும் மேற்கூரையும் உண்டு. இருக்கை வார் இல்லை. 2021 ஏப்ரலில் விரைவுச்சாலையில் அப்படி ஒரு லாரி நின்றிருந்த வண்டிமேல் மோதி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், பதினைந்து பேர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை தொண்டு அமைப்புகள் இதற்குத் தடை கேட்டுவிட்டன. முழுத் தடை வரவில்லை. செலவு கூடும் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. முன் இருக்கைக்காரருக்குக் கட்டாயமான வார், பின்தட்டில் இருப்பவருக்கு மட்டும் தேவையில்லை என்பதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

நிலைமை முன்பைவிடத் தேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் நிக்கல் நெடுஞ்சாலைச் சுரங்கப் பணி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள்; அடுத்த மாதமே கப்பல் பட்டறைத் தீயில் ஏழு பேர். அந்த ஆண்டு இலட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 என்ற அளவில் வேலையிட மரணங்கள் இருந்தன. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 2006-இன் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2023-இல் 36 மரணங்கள், இலட்சத்துக்கு 0.99. அடுத்த ஆண்டே 43 ஆக ஏறி 1.2 ஆனது. பல நாடுகள் இந்த எண்ணைப் பார்த்துப் பொறாமைப்படும். ஆனால் ஆண்டுதோறும் எண்ணப்படும் அந்தச் சில பத்துப் பேருக்குப் பின்னால், விரல் போனவர்கள், முதுகு ஒடிந்தவர்கள், கண் மங்கியவர்கள் என்று பெரிய கூட்டம் உண்டு. இழப்பீட்டுச் சட்டம் முக்கியமாக அவர்களுக்கானது.

வேலையில் காயம்பட்டவர் முதலாளியின் தவறை நிரூபித்தால்தான் பணம் என்ற நிலை ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. 1884-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த விபத்துக் காப்பீடு அதை உடைத்தது. யார் தவறு என்ற கேள்வியே வேண்டாம். வேலையின்போது, வேலையால் காயம் பட்டதா, அது போதும். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு இந்த வழி 1923-இல் வந்தது. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமும் இதே தடத்தில்தான் நடக்கிறது. சொந்தக் கவனக்குறைவால் கால் இடறியது என்றாலும் உரிமை போய்விடாது. குடியுரிமை, வயது, சம்பளம் எதுவும் தடையில்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது பட்ட காயமும் இதில் அடங்கும். உடலுழைப்புத் தொழிலாளிக்கு இந்தக் காப்பீட்டை முதலாளி எடுத்தே ஆக வேண்டும். அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கக்கூடாது.

என்னென்ன கிடைக்கும்? முதலில் விடுப்புச் சம்பளம். வீட்டிலிருந்தபடி ஓய்வென்றால் 14 நாள்வரை, மருத்துவமனை விடுப்பென்றால் 60 நாள்வரை முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை. அடுத்து மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை, அல்லது ஓராண்டு முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரை. மூன்றாவதுதான் பெரியது: நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடு. உயிரே போனால், குடும்பத்துக்கு 91,000 முதல் 2,69,000 வெள்ளிவரை.

ஊனத்துக்கான தொகையை மூன்று எண்களைப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள்: சராசரி மாத வருமானம், வயதுக்கேற்ற ஒரு பெருக்கல் எண், மருத்துவர் மதிப்பிடும் ஊன விழுக்காடு. முழு ஊனத்துக்குக் கீழ்வரம்பு 1,16,000 வெள்ளி, மேல்வரம்பு 3,46,000. பகுதி ஊனமென்றால் இந்த வரம்புகளும் விழுக்காட்டுக்கேற்பக் குறையும். எத்தனை சிறிய சம்பளக்காரராக இருந்தாலும் பத்து விழுக்காடு ஊனத்துக்கு 11,600 வெள்ளிக்குக் குறையாது.

வருமானம் என்ற முதல் எண்ணில்தான் பலர் தெரியாமல் இழக்கிறார்கள். நாளுக்கு 20 வெள்ளி அடிப்படைச் சம்பளக்காரர் மாதம் 26 நாள் வேலை பார்த்தால் 520 வெள்ளி. ஓவர்டைம் சேர்ந்து அது எண்ணூறைத் தொடலாம். சட்டப்படி ஓவர்டைமும் வருமானத்தில் சேர்த்தி. ஆனால் சம்பளச் சீட்டில் அது ஏறியிருக்க வேண்டுமே? 2016 ஏப்ரல் முதல், அடிப்படை இவ்வளவு, ஓவர்டைம் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று பிரித்து எழுதிய சீட்டைக் கொடுப்பது முதலாளியின் கடமை. மாதாமாதம் அதைப் பார்க்காமல் பைக்குள் திணித்துக்கொள்பவருக்கு, விபத்து நடந்த பிறகு அதில் 520 மட்டுமே இருப்பது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு என்றொரு தெரு. 2008 முதல் ‘டிடபிள்யூசி2’ என்ற தொண்டு அமைப்பு, காயம்பட்டும் சம்பளம் கிடைக்காமலும் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு அந்த வட்டாரத்து உணவகங்களில் இலவச உணவு தருகிறது. சோறு வாங்க வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே எம்சிகள், எக்ஸ்ரே, மருத்துவமனைத் தேதி எழுதிய துண்டு, அமைச்சிலிருந்து வந்த கடிதம், மேலே ‘ஸ்பெஷல் பாஸ்’. வேலை அனுமதி ரத்தான பிறகும் வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கலாம் என்பதற்கான தற்காலிகச் சீட்டு அது.

அறைத் தோழனின் அறிவுரையில் தவறான பாதி இங்கேதான் இருக்கிறது. வேலை போனாலும் இழப்பீட்டு உரிமை போவதில்லை. அனுமதிச் சீட்டு ரத்தானாலும் வழக்கு நிற்காது. காத்திருக்கும் காலத்தில் தங்குமிடம், சாப்பாடு, மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கு அவரை அழைத்துவந்த முதலாளிதான் பொறுப்பு. இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வழக்கறிஞர் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

சரியான பாதியும் உண்டு. பொதுவாக ஸ்பெஷல் பாஸில் வேலை செய்ய முடியாது. எலும்பு கூடி, மருத்துவர் விழுக்காட்டை மதிப்பிட்டு, காப்பீட்டு நிறுவனம் கணக்குப் போட்டு, யாரேனும் மறுத்தால் அந்த மறுப்பையும் கேட்டு முடிவதற்குள் மாதங்கள் ஓடுகின்றன. ஊரில் வட்டி நிற்பதில்லை. விடுப்புச் சம்பளத்தை முதலாளி ஒழுங்காகக் கொடுத்தால் சமாளிக்கலாம். கொடுக்காவிட்டால் அதற்கும் ஒரு புகார், அதற்கும் ஒரு காத்திருப்பு. அரசாங்கத்தின் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. சட்டம் கையை நீட்டுகிறது. அதைப் பிடிக்கும்வரை பட்டினி கிடக்க முடிகிறவருக்குத்தான் அது எட்டுகிறது. காயம் ஆறிவரும் காலத்தில் தகுந்த வேலையை வேறு முதலாளியிடம் பார்க்க எல்லாருக்கும் வழி திறந்துவிட்டால், பாதிப் பயம் அன்றே தீரும்.

இந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 60,000 வெள்ளி தனிநபர் விபத்துக் காப்பீட்டை முதலாளி எடுக்க வேண்டும் என்பது தனி விதி. உயர்மாடி ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது விழுந்து இறந்த பணிப்பெண்கள் எத்தனையோ பேர். சாரத்தில் ஏறுபவர் தொழிலாளி, ஜன்னல் விளிம்பில் நிற்பவர் தொழிலாளி இல்லை என்றால் அது அநியாயம்.

இழப்பீட்டுக்குப் பதிலாக நீதிமன்றத்தில் முதலாளிமேல் வழக்குத் தொடுக்கவும் வழி இருக்கிறது. அங்கே அவருடைய அலட்சியத்தை நிரூபித்தாக வேண்டும். வென்றால் தொகை பெரிதாகலாம், தோற்றால் செலவும் தலையில் விழும். மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்பது நல்லது. காப்பீட்டு நிறுவனமோ அமைச்சோ அனுப்பும் கணக்கில் உடன்பாடு இல்லையென்றால் 14 நாளுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும். தெரியாத மொழியில் வந்த கடிதத்தை மடித்துவைத்துவிட்டு அந்த 14 நாளைத் தவறவிட்டவருக்கு மறுபடி அவகாசம் கேட்பது எளிதல்ல.

ஊரில் இருப்பவர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காயம்பட்டவர் பெரும்பாலும் வீட்டில் சொல்வதில்லை. “சும்மா சின்ன அடிதான்மா” என்று மறைப்பார். வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டுவார். சொல்லும்போது அழாமல், திட்டாமல் கேட்டுக்கொண்டால் போதும்; அடுத்து நான்கு கேள்வி கேட்கலாம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு அடிபட்டது? கூட யார் பார்த்தார்கள்? டாக்டரிடம் வேலையில் பட்ட அடி என்று சொன்னாயா? எம்சி எத்தனை நாள் எழுதினார்கள்? பிறகு எம்சி, சம்பளச் சீட்டு, அனுமதிச் சீட்டின் இரு பக்கம், வேலைக்கு அனுமதி உண்டு என்று முன்கூட்டியே வந்த ஐபிஏ கடிதம் எல்லாவற்றையும் படமெடுத்து வாட்ஸாப்பில் வீட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். அங்கே பை தொலைந்தாலும், போன் பறிபோனாலும், இங்கே ஒரு பிரதி இருக்கும். உதவிக்கு மனிதவள அமைச்சு இருக்கிறது, வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, ஹோம், டிடபிள்யூசி2, ‘ஹெல்த்சர்வ்’ போன்ற அமைப்புகள் இருக்கின்றன. இங்கே தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் துறையும் இருக்கிறது.

வேலைக் காய இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே இருந்தால், அடுத்த முறை பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் சொல்லிவையுங்கள்.